இடது மடிப்பு மேலே

ஹொசகா முத்சுமியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று எங்கள் ஸ்டூடியோவில் யாரைக் கேட்டாலும் முதலில் கதவைத்தான் பார்ப்பார்கள், அவர் வந்துவிடுவாரோ என்று. முப்பத்து மூன்று வருடமாக அவர் செய்தது ஒரே வேலை. மற்றவர்கள் வரைந்ததில் குற்றம் கண்டுபிடிப்பது. அனிமேயில் ஒரு பெண் தலையைத் திருப்புகிறாள் என்றால், திருப்பத்தின் தொடக்கத்தையும் முடிவையும் பெரிய ஓவியர் வரைவார். நடுவில் வரும் பத்துப் பன்னிரண்டு இடைப்படங்களைச் சின்னவர்கள் வரைவார்கள். அந்த இடைப்படம் ஒவ்வொன்றும் ஹொசகா-சானின் கண்ணைத் தாண்டித்தான் கலரிங்குக்குப் போகும். விரல் ஆறாக இருந்தால் திரும்பி வரும். காதுமடல் ஒரு நூல் இறங்கியிருந்தால் திரும்பி வரும். சிவப்பு எழுத்தில் ஒரு குறிப்போடு வரும். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதவர்களில் சிலர் இப்போது பெரிய டைரக்டர்கள்.

நான் செகிகுச்சி. தயாரிப்பு மேற்பார்வையாளன் என்று அட்டையில் போட்டிருக்கிறது. உண்மையான வேலை, ஒருவரிடம் கெஞ்சுவது, அடுத்தவரிடம் பொய் சொல்வது, மூன்றாமவருக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு ஓடுவது. நாற்பத்து நாலு வயதாகிவிட்டது, பாதித் தலை வழுக்கை. இருந்தும் நாங்கள் மரியாதையாக ‘சான்’ போட்டு அழைக்கும் ஹொசகா-சானுக்கு நான் செகிகுச்சி-குன்தான், பள்ளிக்கூடத்துப் பையனைக் கூப்பிடுகிற மாதிரி.

கடலோரத்து முரகாமியிலிருந்து இருபது வயதில் தோக்கியோவுக்கு வந்தவர் அவர். கமி-இகுசா ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறை வீடு, இந்தப் பக்கம் ஸ்டூடியோ. வாழ்க்கையில் நீங்கள் செய்த பயணமெல்லாம் அந்தக் கேட் திறக்கக் காத்திருந்து கடந்ததுதான் என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். “உனக்கு அதுவும் இல்ல. நீ ஆபீஸ்லயே தூங்குற ஆளு” என்றார். நடுவில் ஓர் ஓவியரைக் கல்யாணம் செய்துகொண்டு மூன்று வருடம் இருந்தார். ஏன் பிரிந்தீர்கள் என்று யாரோ விவரம் தெரியாமல் கேட்டதற்கு, “அந்த ஆளுக்குக் கை வரையத் தெரியாது. எல்லாரோட கையையும் பாக்கெட்டுக்குள்ள விட்டே வரைவான்” என்று பதில் வந்தது. மதியம் தினமும் கடையில் வாங்கிய சால்மன் சோற்றுருண்டை. தினமும் முதல் கடியில் “இது மீனே இல்ல” என்று ஒரு வசவு. முரகாமிக்காரர்களுக்குத் தங்கள் ஆற்றில் பிடித்ததைத் தவிர வேறெதுவும் சால்மன் கிடையாது.

இப்படிப்பட்ட மனுஷியின் கையில்தான் கொயோரி வந்து சேர்ந்தாள்.

கொயோரிக்குப் பதினாறு வயது. கோடைத் திருவிழா அன்று யுகாதா உடுத்தி, கையில் காகித விளக்கோடு ஆற்றங்கரைப் படிகளில் இறங்கியவள், கண் விழித்தபோது வேறோர் உலகத்தில் இருக்கிறாள். யுகாதா என்பது வெயில் காலத்துக்கான மெல்லிய கிமோனோ. நீல நிறம், வெள்ளைப் பூ. கதையின் பெயர் ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீளம், இப்போதெல்லாம் வேற்றுலகக் கதைகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். நாங்கள் ‘விளக்கு’ என்று மட்டும் சொல்வோம். மற்ற வேற்றுலகக் கதைகளில் போய்ச் சேர்ந்தவர்கள் முதல் வாரமே வாளைத் தூக்கிவிடுவார்கள். கொயோரி யாரையும் அடிப்பதில்லை. கிணற்றில் தண்ணீர் இறைப்பதற்கு முன் கிணற்றிடம் ‘மன்னிக்கணும்’ என்பாள். அரக்கனுக்குப் பல்வலி என்று தெரிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தைத் தடவிக்கொடுப்பாள். எப்போது வீட்டுக்குப் போவாள் என்பதுதான் கதை. ஊரில் உள்ள பிள்ளைகளெல்லாம் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு அதற்காகத்தான் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

ஹொசகா-சானின் சிவப்புக் குறிப்புகள் அந்தத் தொடரில் மாறிப்போயின. முன்பு ‘முழங்கை எலும்பு எங்கே?’ என்று மட்டும் இருக்கும். இப்போது ‘கொயோரி இப்படிக் கதவைத் தள்ள மாட்டாள். இரண்டு கையாலும் திறப்பாள்’ என்று வந்தது. ‘இவ்வளவு வேகமாகத் திரும்பினால் அந்தக் குருவி பயந்துவிடும். இன்னும் மூன்று படம் சேர்’ என்று வந்தது. சின்னவர்கள் அதைப் படம் பிடித்துத் தங்களுக்குள் அனுப்பிச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மூன்று படம் சேர்த்தார்கள்.

ஒன்பதாவது பகுதி நடந்துகொண்டிருந்தபோது முரகாமியில் அவருடைய அம்மா இறந்துபோனார். திங்கட்கிழமை கிளம்பியவர் கணினி வரைபலகையையும் பையில் போட்டுக்கொண்டு போனார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் டைரக்டர் குசுமோதோ எடிட்டிங் அறையிலிருந்து ஓடிவந்தார். எண்பத்தேழாவது ஷாட்டில் கொயோரி இடப்பக்கமாக நடக்கிறாள், எண்பத்தெட்டில் வலப்பக்கமாக நடந்து போய்க் காவல்காரனுக்குத் தலைவணங்குகிறாள், பார்ப்பதற்கு வந்த வழியே திரும்பிப் போவதுபோல இருக்கிறது என்றார். எண்பத்தெட்டைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகப் புரட்டிவிடு, முடிந்தது கதை. கணினியில் அது ஒரு சொடுக்கு. ஆனால் புரட்டினால் தலையில் உள்ள பூ பக்கம் மாறும், கன்னத்து மச்சம் மாறும், விளக்குப் பிடித்த கை மாறும். நாற்பத்தேழு படத்திலும் அவற்றைத் திருத்தி யாராவது சரிபார்க்க வேண்டும். யாராவது என்றால் யார்? நான் முரகாமிக்குப் போன் செய்தேன். தகனம் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. பின்னால் மணிச் சத்தமும் யாரோ மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. “அனுப்பு” என்று மட்டும் சொன்னார். நாற்பது நிமிடத்தில் ஒப்புதல் வந்தது. பூவைக் கவனித்திருந்தார், மச்சத்தைக் கவனித்திருந்தார், விளக்கையும் கவனித்திருந்தார்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அவர் என் மேஜைக்கு வந்து நின்றார். துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள். ஒன்பதாவது பகுதியின் இறுதிப் பிரதி டிவி நிலையத்துக்குப் போய்விட்டிருந்தது. மறுநாள் ஒளிபரப்பு.

“செகிகுச்சி-குன், கதவைச் சாத்து.”

“ஏன், யாரு வேலைய விடுறாங்க?” என்றேன். எங்கள் இடத்தில் கதவைச் சாத்துவது அதற்கு மட்டும்தான்.

“எண்பத்தெட்டைப் போடு.”

போட்டேன். கொயோரி நடந்து வந்தாள், நின்றாள், காவல்காரனுக்குக் குனிந்து வணங்கினாள். ஆறு விநாடி. அழகாகத்தான் இருந்தது.

“நல்லாத்தானே இருக்கு?”

“கழுத்தைப் பாரு.”

மறுபடி போட்டேன். மூன்றாவது விநாடியில் படத்தை நிறுத்திவிட்டேன்.

எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். கிமோனோவோ யுகாதாவோ, உயிரோடு இருப்பவர் உடுத்தினால், மார்பில் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு மடிப்பில் இடது மடிப்பு மேலே வரும். வலது மடிப்பு மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தியது. தெரியாமல் வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர் யாராவது அப்படி உடுத்திக்கொண்டு தெருவில் வந்தால், முன்பின் தெரியாத கிழவிகள்கூட ஓடிப்போய் அவிழ்த்துக் கட்டிவிடுவார்கள். படத்தைப் புரட்டியபோது பூ மாறியது, மச்சம் மாறியது, விளக்கு மாறியது. மடிப்பும் மாறியிருந்தது. அதை மட்டும் யாரும் திருப்பவில்லை. நாளை மாலை ஐந்தரைக்கு, ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பிடித்த அந்தச் சாதுப் பெண் பிண உடுப்பில் வந்து வணக்கம் சொல்லப்போகிறாள்.

“நான் பாத்தேன், டைரக்டர் பாத்தாரு, கலரிங்ல ஒகிதா பாத்தா. எப்படிங்க யாருக்குமே படல?” என்றேன்.

“நான் பாத்து அனுப்புனதுன்னு நீங்க யாரும் பாக்கல” என்றார் ஹொசகா-சான். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வாய் பேசிக்கொண்டிருந்ததே தவிர முகம் வெள்ளைத் தாளாக இருந்தது.

அவர் சொன்னது நிஜம். ஹொசகா பார்த்துவிட்டார் என்றால் அதற்குப் பிறகு நாங்கள் பார்ப்பதுபோல உட்கார்ந்திருப்போம், அவ்வளவுதான்.

டிவி நிலையத்துக்குப் போன் செய்தேன். அங்கே இருந்தவர் என்னை முதலில் நன்றாகக் காய்ச்சினார். பிறகு சொன்னார், “அஞ்சு மணிக்குள்ள புதுப் பிரதி வந்தா மாத்துறோம். அஞ்சு ஒண்ணுக்கு வந்தா நீங்களே வீட்ல வெச்சுப் பாத்துக்கோங்க.” மணி பத்து ஐம்பத்தைந்து. நாற்பத்தேழு படத்தில் மடிப்பை மாற்றி வரைய மூன்று மணி நேரம். கலரிங்குக்கு முக்கால் மணி. பின்னணியோடு சேர்த்து, எடிட்டிங்கில் நுழைத்து, புதுப் பிரதி எடுக்க இன்னொரு மணி நேரம். அந்த விநாடியே உட்கார்ந்தால் முடியும்.

உட்கார முடியவில்லை. நிலையத்துக்குப் போன பிரதியில் கை வைப்பதென்றால் டைரக்டரிடம் சொல்ல வேண்டும். டைரக்டர் கதாசிரியரிடம் சொல்ல வேண்டும். அவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிரதியில் ஒரு புள்ளியை மாற்றினாலும் சொல்லித்தான் மாற்ற வேண்டும் என்று ஒப்பந்தம். ‘விளக்கு’ புத்தக வரிசையை எழுதிக்கொண்டிருக்கும் கதாசிரியர் தொகிதா, இருபத்தொன்பது வயதுப் பெண். கூச்ச சுபாவம், யாரிடமும் முகம் காட்டுவதில்லை, போனில்தான் எல்லாம். பதினொரு மணியிலிருந்து அழைத்தோம். எடுக்கவில்லை. பதினொன்றரைக்கு எடுக்கவில்லை. குசுமோதோ அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஹொசகா-சான் நாற்காலியின் நுனியில் வரைகோலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“நான் ஆரம்பிச்சுடறேனே. அப்புறம் சொல்லிக்கலாம்.”

“வேணாம் ஹொசகா-சான். போன வருஷம் ஒரு குடையோட கலர மாத்துனதுக்கே அந்தம்மா மூணு நாள் சாப்பிடலியாம்” என்றார் குசுமோதோ.

பன்னிரண்டு அடித்தது. கீழே சாப்பாட்டுக் கடையில் கூட்டம் சேர்ந்த சத்தம் கேட்டது. பன்னிரண்டு பத்துக்குத் தொகிதா எடுத்தார். குசுமோதோ எல்லோரும் கேட்கும்படி போனை மேஜையில் வைத்துவிட்டு, நூறு மன்னிப்புகளுக்கு நடுவே விஷயத்தைச் சொன்னார். எண்பத்தெட்டாவது ஷாட்டில் கொயோரியின் யுகாதா வலது மடிப்பு மேலாக இருக்கிறது.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

“யாரு சொன்னாங்க உங்களுக்கு?” என்றது சின்னக் குரல்.

“சென்செய்?” என்றார் குசுமோதோ. கதாசிரியர்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்போம்.

“கடைசிப் புத்தகம் இன்னும் அச்சுக்கே போகல. எனக்கும் என் எடிட்டருக்கும் மட்டும்தான் தெரியும். உங்க ஆளுங்களுக்கு யாரு சொன்னா? யாரு வெளிய விட்டது?”

“எதைச் சொல்றீங்க? எங்களுக்கு ஒண்ணும் புரியல.”

மூச்சு விடும் சத்தம் கேட்டது. வாயைவிட்டுவிட்டோம் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். இனி மறைத்து என்ன?

“கொயோரி செத்துட்டா” என்றார். “முதல் அத்தியாயத்துலயே. திருவிழா அன்னிக்குப் படியில வழுக்கி ஆத்துல விழுந்துட்டா. அவளுக்கு அது தெரியாது. கடைசிப் புத்தகத்துலதான் தெரியும்.”

அந்த வயதில் எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போகப்போகிறாள், போகப்போகிறாள் என்று நாங்களும்தானே ஒன்பது பகுதி இழுத்துக்கொண்டு வந்தோம். ஹொசகா-சானைப் பார்த்தேன். அவர் திரையில் நின்றிருந்த கொயோரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொகிதாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. வக்கீல் என்றார், பதிப்பகம் என்றார், உடனே தொடரை நிறுத்தச் சொல்கிறேன் என்றார். குசுமோதோ போனைப் பார்த்துத் தலைவணங்கிக்கொண்டே இருந்தார், அது அந்தப் பக்கம் தெரியாது என்பதுகூட நினைவில்லாமல்.

“யாரும் சொல்லல, சென்செய்” என்றார் ஹொசகா-சான். “நான் ஹொசகா. இடைப்படம் சரிபாக்கிறவ. என்னோட தப்பு அது.”

முப்பத்து மூன்று வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

“அம்மா தவறிப்போய் ஊருக்குப் போயிருந்தேன். அவங்களப் பெட்டியில வெச்சு ரெண்டு நாள் பக்கத்துலயே இருந்தோம். வலது மடிப்பு மேல. அதையே பாத்துப் பாத்து, இனிமே இதான் சரி, இதான் சரின்னு கண்ணுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தேன். தகனம் முடிஞ்ச கையோட படம் வந்துச்சு. எனக்கு அது சரியாத்தான் தெரிஞ்சுது.”

அந்தப் படத்தை அனுப்பியது நான். அந்த நேரத்தில் அனுப்பியது நான். அதை யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் மேஜைக்கு அடியில் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மணி பன்னிரண்டு இருபத்தைந்து. பிறகு தொகிதாவின் குரல் முற்றிலும் வேறாக வந்தது, குழந்தைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி.

“அப்படியே விட்டுடுங்க.”

“என்ன சொல்றீங்க?” என்றார் குசுமோதோ.

“மாத்தாதீங்க. ஆறு விநாடிதானே? யாராவது ஒருத்தர் கவனிப்பாங்க. கவனிச்சு, ஏன், எதுக்குன்னு பேசுவாங்க. கடைசிப் புத்தகம் வர்றப்போ எல்லாரும் திரும்ப வந்து இதைப் பாப்பாங்க. இதைவிட நல்லா நானே யோசிச்சிருக்க முடியாது.”

குசுமோதோவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. “அற்புதம், சென்செய்! அற்புதம்! நாங்க வேணும்னே வெச்சதாவே இருக்கட்டும்” என்று கைகொட்டாத குறையாகக் குதித்தார். எனக்கும் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஐந்து மணி கிடையாது, நாற்பத்தேழு படம் கிடையாது, டிவி நிலையத்தானிடம் இன்னொரு தடவை வசவு கிடையாது. முக்கியமாக, என் போன் பற்றி யாரும் பேசப்போவதில்லை. ஹொசகா-சானுக்கும் நல்லதுதான். பிழை விட்ட கிழவி என்ற பேர் போய், மேதை என்ற பேர் வரும். ஒரே அடியில் எல்லோருடைய கழுத்தும் தப்பியது.

“முடியாது” என்றார் ஹொசகா-சான்.

“ஹொசகா-சான், சென்செய்யே சொல்றாங்க...” என்று குசுமோதோ ஆரம்பித்தார்.

“காதுல விழுந்துச்சு. முடியாதுன்னுதான் சொல்றேன்.”

“உங்க தப்ப மறைச்சுக் குடுக்கிறோம், அதுக்கும் சண்டையா? கொஞ்சமாவது...”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. படிகூட ஒழுங்கா வரையத் தெரியாத காலத்துலருந்து உங்களப் பாக்கிறேன்.” பிறகு போன் பக்கம் திரும்பினார். கையை மடியில் வைத்து, எதிரே ஆள் இருப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். “சென்செய், கொயோரி தினம் காலைல யாரு உதவியும் இல்லாம உடுத்திக்கிறா. குளத்துல முகம் பாத்துக்கிட்டு. நாலாவது பகுதியில நீங்கதான் எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“செத்துட்டோம்னு அவளுக்குத் தெரியாது.”

“தெரியாது. ஆனா பாக்கிறவங்களுக்கு ஒரு அறிகுறியா...”

“உங்க கதையில உடம்பு கிடைச்சுதா?”

“என்னது?”

“கொயோரியோட உடம்பு. ஆத்துலருந்து எடுத்தாங்களா?”

தொகிதா தயங்கினார். “இல்ல. மழை வெள்ளம். கடைசி வரைக்கும் கிடைக்கல. அவங்க அம்மா தினமும் கரையில போய் நிக்கிறாங்க. அதுதான் கடைசி அத்தியாயம்.”

“அப்ப மடிப்ப மாத்திக் கட்டினது யாரு?”

வெளியே ரயில் கேட்டின் மணி அடித்துக்கொண்டிருந்தது.

“செத்தவங்க அவங்களே உடுத்திக்க மாட்டாங்க, சென்செய். வீட்டு மனுஷங்கதான் உடுத்திவிடுவாங்க. தூக்கிப் பிடிச்சு, கைய உள்ள விட்டு, மடிச்சு, கட்டி. அது ரொம்பக் கஷ்டமான வேலை. உடம்பு ஒத்துழைக்காது. போன வாரம்தான் செஞ்சேன். அந்தப் பொண்ண வீட்டு மனுஷங்க கையில யாரும் குடுக்கல. அவங்கம்மா அவளுக்கு ஒண்ணும் செய்யல, செய்ய முடியல, அதனாலதான் கரையில நிக்கிறாங்க. அப்படி இருக்கிறப்போ நான் ஒருத்தி இங்க உக்காந்து, பெத்தவளுக்கு முன்னாடி, அவளுக்குப் பிண உடுப்பு உடுத்திவிடணுமா? அதுக்கு எனக்கு என்ன உரிமை இருக்கு?”

குசுமோதோ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பத்திரண்டு. என் பிழைப்பு அது, பார்த்துத்தான் ஆக வேண்டும்.

“மாத்திடுங்க” என்றார் தொகிதா. மூக்கடைத்த குரல். “நான் அவ அம்மாவப் பத்தி அப்படி யோசிக்கல. இடது மேலயே வெச்சுடுங்க. தயவு செஞ்சு.”

போன் அணைவதற்கு முன்பே ஹொசகா-சான் முதல் படத்தைத் திறந்திருந்தார்.

அடுத்த நாலு மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். நாற்பத்தேழையும் தனியாகச் செய்யாதீர்கள், இன்னும் இருவரைப் போடுகிறேன் என்று கெஞ்சினேன். “இன்னொரு தடவை தப்பு வந்தா திருத்த நேரம் இருக்கா உனக்கு? அந்தப் பக்கம் போ. உன் மூச்சு என் கழுத்துல படுது” என்றார். ஒவ்வொரு படத்திலும் மடிப்பை அழித்தார், வரைந்தார், வெள்ளைப் பூக்கள் மடிப்பில் மறையும் இடத்தை மாற்றினார். குனியும்போது துணி கழுத்தைவிட்டு எவ்வளவு விலகும் என்று தன் சட்டைக் காலரைப் பிடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டார். ஒரு மணிக்கு மூன்று முடிந்தது. இந்த வேகத்தில் போனால் இரவாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். ஒன்றரைக்குப் பதினொன்று. கை சூடு பிடித்துவிட்டது என்று ஒகிதா என் காதில் சொன்னாள். ஒகிதா ஒவ்வொன்றாக வாங்கி அப்போதைக்கப்போதே நிறம் போட்டாள்.

இரண்டு நாற்பதுக்கு முப்பத்தோராவது படத்தில் அவர் கை நின்றது. கொயோரி முழுதாகக் குனிந்திருக்கும் படம். வரைகோல் திரைக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் அப்படியே நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஒகிதா என்னைப் பார்த்தாள். நான் இருமினேன். அசையவில்லை. ஐந்து நிமிடம் ஆனபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது, அவர்மேல், அந்தப் பெண்மேல், ஆற்றின்மேல், என்மேல்.

“ஹொசகா-சான். மணி.”

“தெரியும்” என்றார். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

மூன்று ஐம்பதுக்குக் கடைசிப் படம் போனது. நாலே காலுக்கு நிறம் முடிந்தது. பின்னணியோடு சேர்க்கும்போது கணினி ஒரு தடவை உறைந்து நின்றது. குசுமோதோ அதைக் கடவுள் பேர் சொல்லித் திட்டினார், கும்பிட்டார், மறுபடி திட்டினார். நாலு முப்பத்தெட்டுக்குப் புதுப் பிரதி வந்தது. யாரையும் நம்பாமல் இந்தத் தடவை எல்லோரும் நின்று பார்த்தோம், ஒவ்வொருவரும் தன் நெஞ்சில் கை வைத்து இடது, வலது என்று சரிபார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் மாதிரி. இடது மேலே. அனுப்பினேன். திரையில் அந்தப் பச்சைக் கோடு எறும்பைவிட மெதுவாக ஊர்ந்தது. நாலு ஐம்பத்தேழுக்கு நிலையத்தான் போன் செய்தான்.

“வந்துடுச்சு. இன்னொரு தடவை இப்படிப் பண்ணீங்கன்னா உங்க படத்துக்குப் பதிலா வானிலைதான் போடுவேன்.”

குசுமோதோ நாற்காலியில் சரிந்தார். ஒகிதா சத்தம் போட்டுச் சிரித்தாள், பிறகு எல்லோருக்கும் பீர் வாங்கக் கீழே ஓடினாள். நான் ஹொசகா-சானின் மேஜைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனேன். அந்த வியாழக்கிழமை போனுக்காக. வார்த்தையைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவர் திரையை அணைக்கவில்லை. முப்பத்தோராவது படம்தான் இன்னும் திறந்திருந்தது. தலை குனிந்த பெண், கழுத்தில் மடிப்பு, இடது மேலே.

“அம்மாவுக்கு உடுத்திவிடறப்ப” என்றார் என்னைப் பார்க்காமல், “என் கை பழக்கத்துல இடது மடிப்பத்தான் மேல போட்டுச்சு. அக்கா என் கையத் தட்டிவிட்டா. எல்லாரும் பாக்கிறாங்கடி, என்ன பண்றன்னு சொல்லி, அவிழ்த்து மாத்திக் கட்டினா. எனக்கு வெக்கமாப் போச்சு. ஒதுங்கி நின்னுட்டேன்.”

நான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“கொஞ்ச நேரம் அப்படியே இருக்க விட்டிருக்கலாம், செகிகுச்சி-குன். கொஞ்ச நேரம்தானே.”